மிச்சத் தைலம்

காலைத் தூக்கிக்கொள்ளுங்கள், தம்பி. கீழே பாருங்கள். யார் தலையிலிருந்து வந்ததோ. ஈரம் வேறு. பாதத்தில் ஒட்டினால் லேசில் போகாது. எனக்கு மயிரைக் கண்டாலே குமட்டும். தலையில் இருக்கும்வரை சரி. தலையை விட்டு இறங்கிவிட்டால் அசிங்கம். சோற்றில் கிடந்தால் அசிங்கம். சோப்பில் ஒட்டியிருந்தால் அசிங்கம். பொம்பிளை முகத்தில் முளைத்தால் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் யாருக்காக மொட்டை போட வந்தீர்கள்? உங்களுக்கேவா? நியாயம். நீங்களாக வேண்டிக்கொண்டீர்கள், நீங்களாக இறக்குகிறீர்கள். நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. என் தலையை இன்னொருத்தி வேண்டிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அதோ, தூண் பக்கத்தில் என் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். என் வீட்டுக்காரி. தையல்நாயகி. பக்கத்தில் நிற்கிற தடியன் அவள் தம்பி சட்டநாதன். நான் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறான்.

என்னைப் பார்த்தால் என்ன வயது சொல்வீர்கள்? சும்மா சொல்லுங்கள். ஐம்பத்தெட்டா? பார்த்தீர்களா! எழுபது. அடுத்த மாதம் திருக்கடையூரில் பீமரத சாந்தி. எழுபது வயதில் புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி மனையில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொள்கிற விசேஷம். அதற்காகத்தான் இந்த முடியை வளர்த்தேன். அதற்கு முன்னால் இதை இங்கே கொண்டுவந்து கொட்டச் சொல்கிறாள்.

எனக்குக் கும்பகோணத்தில் இரும்புச் சாமான் கடை. பெயிண்டும் உண்டு. இப்போது மகன் பார்க்கிறான். முப்பது வயதிலேயே எனக்கு வழுக்கை. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. அறுபதாம் கல்யாணத்தில்தான் வந்தது வினை. வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். வெளிச்சம் முழுக்க என் மண்டையில். கூட்டத்தில் ஒரு பயல், "குத்துவிளக்கு எதுக்கு? அதான் மாமா உக்காந்திருக்காரே" என்றான். மண்டபமே சிரித்தது. இவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் சிரித்தாள். அந்த வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது.

எழுபதாவதில் அப்படி நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மருந்துக்கடையில் ஒரு லோஷன் கொடுத்தான். தண்ணீர் மாதிரி, ஆனால் கையில் பிசுபிசுக்கும். தினம் இரண்டு வேளை தலையில் தேய்க்க வேண்டும். "பெரியவரே, தலையில மட்டும் போடுங்க. தேய்ச்ச கையை சோப்பு போட்டுக் கழுவிடணும். பொம்பளைங்க மேல படாம பாத்துக்குங்க" என்று என்னென்னவோ சொன்னான். விற்கிறவன் நாலு சொல்வான். நான் பெயிண்டு விற்றவன். எனக்குத் தெரியாதா?

கிழவன் மருந்து போட்டு முடி வளர்க்கிறான் என்று ஊர் சிரிக்கக் கூடாது. அதனால் ஒரு பழைய எண்ணெய்ப் புட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டேன். இவளிடம், கேரளாவிலிருந்து வந்த மூலிகைத் தைலம் என்று சொன்னேன்.

"வாசனையே இல்லீங்களே?"

"நல்ல மருந்துக்கு வாசனை எதுக்கு?"

அத்தோடு சரி. அவள் மேலே கேட்கிற ஆள் இல்லை. அப்போது இல்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதில் தோள்பட்டை இறுகிப்போய் இரண்டு கையும் காதுக்கு மேல் எழும்பாது. அதனால் இவள்தான் தேய்ப்பாள். காலையில் ஒரு தரம். சாயங்காலம் காபி குடித்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்காருவேன். பின்னால் நின்று தேய்ப்பாள். மெத்தென்ற கை. நன்றாகத் தேய்ப்பாள், பொய் சொல்லக் கூடாது.

உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்த கையை எந்தப் பொம்பிளை கழுவுகிறாள்? கையில் இருக்கிற மிச்சத்தைத் தன் முழங்கையில் ஒரு இழுப்பு, கன்னத்தில் இரண்டு இழுப்பு. தடவிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். என் அம்மா அப்படி. இவள் அம்மாவும் அப்படி. இவளும் அப்படித்தான். என் தலையைத் தேய்த்து முடித்ததும் மிச்சத்தை வீணாக்க மாட்டாள். ஒரு நாள் பிசுபிசுப்பு தாங்காமல் குழாயடிக்குப் போகப் பார்த்தாள். நான்தான், "எதுக்குக் கழுவற? லேசுல கிடைக்கிற சரக்கா அது? தடவிக்க" என்றேன். தடவிக்கொண்டாள். சிக்கனமான பெண்பிள்ளை. அதை நான் நாலு பேரிடம் பாராட்டியிருக்கிறேன்.

எனக்கு முடி வந்தது. முதலில் பூனைமுடி. பிறகு கறுத்தது. பிறகு சீப்புக்கு அகப்பட்டது. கடைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். பரம்பரை என்று சொன்னேன். எங்கள் தாத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் முளைத்தது என்று சொன்னேன். அவருக்கு ஒரு மண்ணும் முளைக்கவில்லை. அதுவா விஷயம்?

அந்தச் சமயத்தில் பார்த்து இவளுக்கு முளைத்தது.

எப்போது பார்த்தேன் தெரியுமா? சாப்பிடும்போது. சாம்பார் ஊற்றக் குனிந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. கன்னம் முழுக்க முடி. காதோரத்திலிருந்து தாடை வரைக்கும். மொச்சைக்காய் மேல் சொணை இருக்குமே, அந்த மாதிரி தொடங்கிக் கீழே வரவரக் கறுப்பு. கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே அதே கதை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

"என்னங்க, உப்பு கூடிப்போச்சா?"

"மொகத்தை கண்ணாடியில பாரு."

அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் கோரைக்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். பூசினால்? மஞ்சளாய்ப் போன மயிர். அதைப் பார்க்க இன்னும் கண்றாவி.

நான் சும்மா இருக்கவில்லை, தம்பி. அதைக் கேளுங்கள். அழகு நிலையத்துக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு கன்னத்தில் ஓட்டினாள். கோழி இறகு பிடுங்குகிற மாதிரி. கன்னம் வீங்கிச் சிவந்துபோய் வந்தாள். பத்து நாள் தாங்கியது. திரும்ப வந்துவிட்டது. அப்புறம் ஒரு கிரீம். அதைத் தடவிவிட்டு உட்கார்ந்தாளே, வீடு முழுக்க அழுகின முட்டை நாற்றம். வாசலில் போய் நின்றேன். தெருவில் போகிறவன், "என்ன சார், ட்ரெயினேஜா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். அப்புறம் மெழுகு. சூடாகத் தடவித் துணியை ஒட்டி இழுப்பது. அந்தத் துணியைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தாள். தெரியாமல் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலக் காபி வாந்தி.

லேசர் என்றார்கள். கேட்டால் அதற்கு வெள்ளை முடியைக் கண் தெரியாதாம். கறுப்பைத்தான் பிடிக்குமாம். இவளுக்கு இரண்டும் கலந்து கிடக்கிறது. கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளைத் தாடியோடு திரிவாளா?

முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்ளச் சொன்னேன். தைத்துக்கொண்டாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. ஆள் வந்தால் உள்ளே இருக்கச் சொன்னேன். இருந்தாள். எனக்குச் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். போனாள். சாந்திக்கு அழைப்புப் பத்திரிகை அடிக்கப் போட்டோ கேட்டபோது பழைய படத்தில் அவளை வெட்டி என் புதுப் படத்தோடு ஒட்டச் சொன்னேன். அச்சகத்துக்காரன், "அம்மா உங்க மக மாதிரி இருக்காங்களே" என்றான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் தலை தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை. அதற்கு அவள் என் பின்னால்தானே நிற்பாள். முகம் தெரியாது.

பிறகு டாக்டர்கள். ஒருத்தர் இல்லை, மூன்று பேர். முதல் டாக்டர், "தீட்டு நின்ன பிறகு சில பேருக்கு இப்படிக் கொஞ்சம் வரும். ஆனா இது வேகமா வந்திருக்கே" என்று நெற்றியைச் சுருக்கினார். இரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டாவது டாக்டர் கர்ப்பப்பை பக்கத்திலிருக்கிற முட்டைப்பையைப் பார்க்கணும் என்றார். கிட்னி மேலே தொப்பி போட்ட மாதிரி ஒரு சுரப்பி இருக்காமே, அதையும் பார்க்கணும் என்றார். இந்த வயதில் திடீரென்று ஆம்பிளை மாதிரி முளைத்தால் உள்ளே கட்டி இருக்கலாமாம்.

எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா? ஏதாவது பூசறாங்களா?" நான், "ஒண்ணும் கிடையாது" என்று சொன்னேன். உண்மைதானே? லோஷன் என்னுடையது. அவளுடையது இல்லை. என் மண்டையைப் பற்றி அவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

கட்டி என்று சொன்னதிலிருந்து இவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். அழவில்லை. அது தேவலை. அதைவிட மோசமாகப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். "உளுந்து இந்த டப்பாவுல இருக்கு. இட்லி அரிசி கீழ. உங்க சர்க்கரை மாத்திரை காலையில வெறும் வயித்துல. வெள்ளை வேட்டியோட கலர் துணி சேத்துப் போடக் கூடாது." எனக்கு எதற்கு? எரிச்சலாக வந்தது. "ஏன், நீ எங்க போற?" என்று கேட்டேன். டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டி இருந்தால் எடுக்கப்போகிறார்கள். அதற்கு எனக்கு ஏன் உளுந்து டப்பாவைக் காட்ட வேண்டும், சொல்லுங்கள்.

படம் எடுத்தார்கள். குழாய் மாதிரி ஒரு மிஷினுக்குள் படுக்கவைத்து. ஒன்றும் இல்லை. இரத்தத்திலும் ஒன்றும் இல்லை. எல்லாம் சுத்தம். முகத்தில் மட்டும் மயிர்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு ஹார்மோன் டாக்டரம்மா. சின்ன வயசு. மரியாதை தெரியாத பெண். இவளைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னால், "உங்களைக் கேக்கல சார், அவங்களைக் கேட்டேன்" என்கிறாள். காகிதங்களை எல்லாம் பார்த்துவிட்டு, ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னாள். இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி இடது.

"அம்மா, இந்தக் கையில இவ்வளவு இருக்கு. அந்தக் கையில ஒண்ணுமே இல்லை. உடம்புக்குள்ள இருக்கிற வியாதி ஒரு கையைப் பாத்துத்தான் வருமா?"

எனக்கு அதுவரை தெரியாது, தம்பி. நான் எங்கே இரண்டு கையையும் பார்த்தேன்? ஒன்றைப் பார்க்கவே முடியவில்லை.

"அப்ப வெளியிலேருந்துதான் ஏதோ படுது. வீட்டுல யாருக்காவது எண்ணெய் கிண்ணெய் தேய்ச்சு விடறீங்களா?"

"இவங்களுக்குத்தான். தைலம்."

டாக்டரம்மா என் தலையைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். முன் நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும். "சார், என்ன போடறீங்க?"

"ஒண்ணும் போடல. பரம்பரை."

இவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "தைலம் டாக்டர். கேரளாத் தைலம். ரெண்டு வேளை."

"எப்படித் தேய்ப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

இவள் கூச்சப்பட்டாள். பிறகு எழுந்து நின்று, எதிரில் ஒரு நாற்காலியும் அதில் ஒரு தலையும் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு வெறும் காற்றைத் தேய்த்தாள். வலது உள்ளங்கையால் வட்டம் வட்டமாக. உச்சி, பக்கவாட்டு, பின்னந்தலை. தேய்த்து முடித்ததும் அந்தக் கை தன்னால் இடது முழங்கையில் போய் ஒரு இழுப்பு இழுத்தது. அப்புறம் இரண்டு கன்னத்திலும் தடவியது. கன்னத்தில் வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

"போதும்மா. உக்காருங்க" என்றாள் டாக்டரம்மா.

பிறகு என்னிடம், அந்தப் புட்டியில் இருப்பது தைலம் இல்லை, முடி முளைக்கிற மருந்து, அது படுகிற இடமெல்லாம் முளைக்கும், நிறுத்தினால் சில மாதத்தில் தானாக உதிர்ந்துவிடும் என்று சொன்னாள். "ஏற்கெனவே யாராவது கேட்டப்ப சொல்லியிருந்தா இந்த அம்மாவை மிஷினுக்குள்ள படுக்கவச்சிருக்க வேண்டாமே சார்" என்றாள். என் மகளைவிடச் சின்னவள். எனக்குப் பாடம்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். என் மண்டையில் போட்டது இவள் கன்னத்தில் எப்படி முளைக்கும்? கடையில் எத்தனை வருஷம் பெயிண்டு டப்பா திறந்து மூடியிருக்கிறேன். என் கை பச்சையாகவா ஆகிவிட்டது? ஏதோ இரண்டும் ஒரே சமயத்தில் வந்திருக்கிறது. டாக்டருக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. என் தலை கிடைத்தது.

பஸ் பாபநாசம் தாண்டியதும் இவள் ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு அது மருந்துன்னு தெரியும்?"

"எனக்குத் தெரியும். அதுக்கென்ன?"

"டாக்டருங்க கேட்டப்பவும் தெரியும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் காபி போட்டு வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு சீர்காழிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். உளுந்து டப்பாவை மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

போகட்டும் என்று விட்டேன். இரண்டு நாளில் வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. மகன் போய்க் கூப்பிட்டான், வரவில்லை. "மனையில உக்கார மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்று சொல்லி அனுப்பினாள். பத்திரிகை ஊர் முழுக்கப் போய்விட்டது. சம்பந்தி வீட்டில் பட்டுப் புடவை எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் மனையில் தனியாக உட்கார்ந்து யாருக்குத் தாலி கட்டுவது? குத்துவிளக்குக்கா?

இதற்கிடையில் என் தலை. தேய்க்க ஆள் இல்லை. நானே முயற்சி செய்தேன். கை எழும்பவில்லை. லோஷன் மூக்கில் ஒழுகியது. வேலைக்காரப் பெண்ணைக் கேட்டேன். "எனக்கும் தாடி மொளைக்கவா ஐயா?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டே நின்றுவிட்டாள். விஷயம் தெருவெல்லாம் பரவியிருக்கிறது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன். எதற்கு என்று கேட்காதீர்கள். லோஷனும் இல்லை, கையும் இல்லை. பழக்கம். காபி ஆறிப்போகும் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

சில மாதம் போனதும் சட்டநாதன் பெண்டாட்டி அகிலா போன் செய்தாள். "அண்ணே, அண்ணி மொகம் தெளிஞ்சு வருது. கையிலயும் உதுந்துடுச்சு." இவள் ஏதோ நூல் போட்டு எடுத்துவிட்டிருப்பாள். என்னைக் குற்றவாளி ஆக்க வேண்டும். குடும்பமே அப்படி.

போன வாரம் நானே போனேன். வெறும் கையோடு போகவில்லை. ஒரு அட்டைப்பெட்டி வாங்கிப் போனேன். ஆஸ்பத்திரியில் நர்சுகள் மாட்டிக்கொள்வார்களே, ரப்பர் கையுறை. ஒரு பெட்டி நிறைய. டாக்டரம்மா சொன்னதை நான் நம்பவில்லை. நம்பாமலே வாங்கினேன். இதைவிட ஒரு மனுஷன் எவ்வளவு இறங்கிவர முடியும்?

பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். "இனிமே இதை மாட்டிக்கிட்டுத் தேய். கெளம்பு."

அகிலா விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம். சட்டநாதன் சுவரைப் பார்த்தான். இவள் ஒரு உறையை உருவி எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடித்துத் திரும்ப வைத்தாள்.

"நல்லா இருக்குங்க. கக்கூஸ் கழுவ ஆகும்."

நாற்பத்தைந்து வருஷத்தில் இவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். முகத்தை மூடவில்லை. வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஒன்றும் இல்லை. பழைய கன்னம். நூல் போட்டிருந்தால் சிவந்திருக்கும். சிவப்பு இல்லை. வேறு ஏதாவது செய்திருப்பாள்.

"மனையில உக்காருவியா மாட்டியா? அதைச் சொல்லு."

"உக்காருவேன். ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு."

"செலுத்து. யாரு வேண்டாம்னா? பூமுடிதானே? ரெண்டு விரல்கடை வெட்டிக் குடுத்துட்டு வா."

"என் முடி இல்லீங்க. உங்க முடி. மொட்டை."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "என் முடியை வேண்டிக்க நீ யாரு?"

"உங்க பொண்டாட்டி."

"எப்ப வேண்டின?"

"அந்தக் குழாய் மிஷினுக்குள்ள படுத்திருந்தப்ப. கட்டி இல்லாம இருந்தா மொட்டை போடறோம்னு. எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு குடுக்க? ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்துச்சு. அதுல பாத்தா நீங்க தெரிஞ்சீங்க. தலை சீவிக்கிட்டிருந்தீங்க. சரி, இவருக்குத்தான் நெறைய இருக்கேன்னு தோணுச்சு."

வாஸ்தவம்தான். கை எட்டுகிற முன்பக்கத்தை மட்டும் சீவிக்கொண்டிருந்தேன். அங்கே மின்விசிறி வேகமாக ஓடியது. கலைந்திருந்தது. மிஷின் சத்தம் வேறு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அதை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குச் சந்தேகம், தம்பி. வேண்டவே இல்லை, சட்டநாதன் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது என்று. நேராகவே கேட்டேன். "நெசமாவே வேண்டினியா? சாமி மேல சத்தியம் பண்ணு."

"நீங்க கேரளாத் தைலம்னு சொன்னீங்களே, அவ்வளவு நெசம்" என்றாள்.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? வேண்டினாளா, வேண்டவில்லையா? நானும் ஒரு வாரமாக யோசிக்கிறேன். விளங்கவில்லை. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் விசாரித்தேன். "ஆத்துக்காரி வேண்டிண்டா ஆத்துக்காரர் செலுத்த வேண்டியதுதான். வைத்தியம் பாக்கற சாமி. விளையாடாதேள்" என்கிறார். அவருக்கு என்ன, வழுக்கை.

அதனால்தான் வந்திருக்கிறேன். நான் தப்பு செய்தேன் என்று ஒத்துக்கொண்டு வந்ததாக நினைக்காதீர்கள். பத்திரிகை போய்விட்டது, அதற்காக. வீட்டில் ஒரு சாமான் இருக்கிற இடம் தெரியவில்லை, அதற்காக. அவள் வராவிட்டால் அந்த நாற்காலியில் இன்னும் எத்தனை நாள்... சரி, அதை விடுங்கள்.

இருங்கள். என்னைத்தான் கூப்பிடுகிறான். வரேம்ப்பா, வரேன். என் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் பிடியுங்கள், தம்பி. இல்லை, எனக்குப் பதில் நீங்கள் முன்னால் போக வேண்டாம். போனால் நான் எழுந்து போய்விடுவேன். இங்கேயே உட்காருங்கள். பார்க்காதீர்கள்.

தண்ணியை மெதுவா ஊத்தப்பா. காதுல போகுது பாரு. புது பிளேடு போட்டியா? என் கண்ணுக்கு முன்னாடி போடு. ம். தலை மட்டும். மீசையில கை வைக்கக் கூடாது. இருபது வயசுலேருந்து எடுத்ததில்லை. மீசை இல்லாம என்னைப் பெத்தவளே அடையாளம் கண்டிருக்க மாட்டா.

என்ன? அங்கே அவள் என்ன சொல்கிறாள்? இந்தக் காதில் தண்ணீர் போய்விட்டது. தம்பி, என்ன சொல்கிறாள்?

மீசையுமா?

சீர்காழியில் மீசையைப் பற்றிப் பேச்சே இல்லையே. மொட்டை என்றாள். தலை என்றாள். சட்டநாதா, நீயும்தானே இருந்தாய், சொல்லேன். பார்த்தீர்களா, இப்போதும் சுவரைத்தான் பார்க்கிறான். இது இப்போதுதான் தோன்றியிருக்கிறது இவளுக்கு. இந்த நிமிஷம். நான் மீசையைத் தடவியதைப் பார்த்துவிட்டு.

வருகிறாள். வரட்டும்.

"மொகம் பூராவும்தான் வேண்டிக்கிட்டேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. சீர்காழி வண்டி வெளிய நிக்குது. ஏறிடறேன்."

கேட்டீர்களா? கோயிலுக்குள் நின்று பேசுகிற பேச்சா இது? சிரிக்கக்கூட இல்லை. கேலி என்றால் நானும் நாலு வார்த்தை பேசலாம். நிஜமாகவே ஏறிவிடுவாள் போலிருக்கிறது. என் சட்டையைச் சட்டநாதன் கையில் கொடுத்துவிட்டாள், பாருங்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகுகிறாள்.

நீ என்னப்பா, கத்தியைக் கையில வச்சுக்கிட்டு என் வாயையே பாத்துக்கிட்டிருக்க? அந்தம்மா சொன்னது காதுல விழலையா?

எடு.